தனித் தட்டு

என் வீட்டுக்காரர் பயப்படாத நோய் கிடையாது. அவருக்கு வந்த நோயும் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

அவருக்கு வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாத ஆட்களை ஓட்டுகிற இருக்கையில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, லாரிகள் பறக்கிற சாலையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை போய்வருவார். அதற்கெல்லாம் பயமே கிடையாது. ஆனால் ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் ஸ்டியரிங், கியர், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். அவரிடம் படிக்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்பிரிட் சார். காதுபடவே சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஊருக்குள் பல கிளைகள். அங்கே ஊசி குத்தி எடுக்கிற ரத்தம் பெட்டி பெட்டியாக எங்கள் மெயின் லேப்புக்கு வரும். குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் போட்டு, மேலே தெளிந்து நிற்கிற நீரைப் பிரித்து, சோதனைக்கு ஏற்றுவது என் வேலை. அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படிப்பட்ட பெண்டாட்டி. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

வீட்டுக்கு வந்தவுடன் நான் நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும். என் துணிக்குத் தனி வாளி. குளித்து முடித்து வெளியே வந்தால், "கை கழுவினியா?" என்பார். முழுசாகக் குளித்துவிட்டு வருகிறவளைப் பார்த்துக் கை கழுவினாயா என்று கேட்கிற ஆளை என்ன செய்வது? "இல்லைங்க, கையை மட்டும் வெளிய நீட்டி வெச்சுக்கிட்டுக் குளிச்சேன்" என்பேன். அவர் ஒரு நிமிஷம் அதையும் யோசிப்பார்.

ஒரு காலத்தில் அவருக்கு இதயம். பிறகு சிறுநீரகம். கடைசியாக வந்து உட்கார்ந்தது ஹெபடைடிஸ் சி. கல்லீரலைப் பிடிக்கிற கிருமி. எங்கோ போனில் படித்திருக்கிறார், அது வருஷக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கும் என்று. அந்த ஒரு வரி அவரைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சு வலிக்கவில்லை என்றால் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அடக்கலாம். வலியே இல்லாததுதான் அறிகுறி என்கிற நோயை நான் எப்படி அடக்குவது?

நான் சொல்லாத விளக்கம் இல்லை. ரத்தம் ரத்தத்தோடு கலந்தால்தான் வரும். தட்டில் வராது, டம்ளரில் வராது, துண்டில் வராது, பக்கத்தில் படுத்தால் வராது. அப்படியே வந்தாலும் குணமாக்க மாத்திரை இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னார்:

"மாத்திரை கண்டுபிடிச்சிருக்கான்னா எத்தனை பேருக்கு வந்திருக்கணும் பாரு."

மூன்று நான்கு தடவை சோதனையும் செய்து காட்டினேன். இல்லை என்று வந்தால் ஒரு மாதம் நிம்மதி. அதற்குப் பிறகு, "அன்னைக்கு எடுத்தது சீக்கிரம் எடுத்ததோ?" என்று மூக்கால் அழ ஆரம்பிப்பார். கடைசித் தடவை நான் சண்டை போட்டு, இனிமேல் டெஸ்ட் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன் என்று அவரிடம் வாக்கு வாங்கினேன். கொடுத்தார். நானும் நம்பினேன்.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டேன். ஒரு விஷயத்தை மட்டும் சகிக்க முடியவில்லை. ஒருமுறை எங்கள் லேப்பில் ஒரு பெண்ணுக்கு உபயோகித்த ஊசி கையில் ஏறிவிட்டது. புத்தி கெட்டுப் போய் அதைச் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"உனக்கு மட்டும் அந்த மாதிரி ஏதாவது ஆச்சு, பிள்ளையத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருவேன். நீ இங்கயே இரு, உன் ரத்தத்தோட."

எங்களுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பிள்ளை இல்லாதவர், பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் மகளை எப்போது கொண்டுபோகலாம் என்று வாசலிலேயே நிற்கிற மனுஷி. அவர் கண்ணுக்கு நான் கால் முளைத்த ஊசி. அதனால் இவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை தூங்கிய பிறகும் அவள் கையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

நடந்தது இதுதான். ஒருநாள் மத்தியானம் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும்போது உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. நிறுத்தினேன். ஒரு கிளையிலிருந்து வந்த பழைய கண்ணாடிக் குழாய். மற்ற கிளைகளெல்லாம் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டன. அங்கே மட்டும் இருப்புத் தீரட்டும் என்று கண்ணாடியிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழாய் சுக்குநூறாகி, ரத்தம் இயந்திரத்தின் உள்கிண்ணம் முழுக்கத் தெறித்திருந்தது.

உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. மூடியைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். பிறகு கிருமிநாசினியை ஊற்றி ஊறவிட வேண்டும். கண்ணாடியை இடுக்கியால் மட்டும்தான் எடுக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் மேஜை மேல் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கும், மறுபடி அடிக்கும். யார் என்று பார்க்கத் தேவையே இல்லை. காலையிலிருந்து தன் கண்ணை, நாக்கை, நகத்தை எல்லாம் படம் எடுத்து அனுப்பி, "மஞ்சளா இருக்கா பாரு" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். எரிச்சலில் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் ரப்பர் மெத்தையை விரலால் தூக்கினேன். அதற்கடியில் ஒரு சில்லு ஒளிந்திருந்தது. கையுறையைக் கிழித்துக்கொண்டு ஆள்காட்டி விரலில் இறங்கியது.

ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விரலை நீட்டினேன். என் ரத்தம் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

லேப்புக்குப் பொறுப்பாக இருப்பவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. வந்து என் விரலைப் பார்த்தார், என் ரத்தத்தை ஒரு குழாயில் எடுக்கச் சொன்னார், பிறகு கேட்டார்:

"யாரோட ரத்தம் அது?"

அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆளுக்குக் கிருமி இல்லை என்றால் எனக்கும் கவலை இல்லை. சிந்திய ரத்தத்தில் கிருமிநாசினியை ஊற்றியாகிவிட்டது. இனி அது எதற்கும் உதவாது. அந்த ஆளையே வரவழைத்துத் திரும்ப எடுக்க வேண்டும். கணினியில் பார்த்தோம். ஒரு ஆணின் பெயர். கேட்டிருந்தது ஒரே ஒரு சோதனை. ஹெபடைடிஸ் சி.

கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரோ ஒரு பெரியவர் எடுத்து, அப்படி ஆளே இங்கே இல்லை என்று கரித்துக் கொட்டினார். கிளையில் ரத்தம் எடுத்த பெண்ணைக் கேட்டோம்.

"தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டிருந்தார்க்கா. முகமே தெரியல. கை கடகடன்னு நடுங்கிச்சு. ஒருவேளை ஊசி போட்டுப் பழகின ஆளோ என்னவோ."

மேடம் உதட்டைப் பிதுக்கினார். "பொய் நம்பர் குடுத்துட்டு, இந்த ஒரு டெஸ்டை மட்டும் கேட்டிருக்கான்னா, அவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

இப்படி ஒரு கீறலில் தொற்றுவது அபூர்வம் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னொருவருக்குச் சொல்லும்போது அது அபூர்வம். தன் விரல் என்றால் அந்த அபூர்வம் நமக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கிறது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான் வாரக்கணக்கில் காத்திருந்து, திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அத்தனை நாளும் வீட்டில் ஸ்பிரிட் சாரின் மூக்குக்குத் தெரியாமல் இதை மறைக்க வேண்டும். தெரிந்தால் என் பிள்ளை என்னிடம் இருக்க மாட்டாள்.

வீட்டில் கத்தி பட்டுவிட்டது என்று சொல்லி விரலில் கட்டுப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஓரத்தில் நசுங்கிய ஒரு தட்டை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். டம்ளரையும் துண்டையும் தனியாக வைத்தேன். பிள்ளையோடு படுப்பதை நிறுத்திவிட்டு, முதுகு வலி என்று சொல்லி முன்னறையில் தரையில் படுத்தேன். தட்டில் வராது, துண்டில் வராது, பக்கத்தில் படுத்தால் வராது என்று வாய் ஓயாமல் சொன்ன நான்தான். லேப்பில் யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று கண் இமையைக் கீழே இழுத்து மஞ்சளா என்று பார்த்தேன். போனில் தேடினேன். அவர் படித்த அதே பக்கங்களை நானும் படித்தேன். அவருடைய நோய் எனக்குத் தொற்றிவிட்டது. அதற்குத்தான் மாத்திரை கிடையாது. அதற்காக அவரை இன்னும் கூடுதலாக வெறுத்தேன்.

மகளுக்கு அப்போது முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. போன இரண்டு பற்களையும் நான்தான் பிடுங்கினேன். கதை சொல்லிக்கொண்டே, அவள் அசந்த நேரம் பார்த்து டக்கென்று எடுத்துவிடுவேன். இந்தத் தடவையும் வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நல்லா ஆடுது. எடுத்து விடும்மா."

கை அந்த வாய்ப்பக்கம் போய்விட்டது. கட்டைப் பார்த்தேன். ஈறில் ரத்தம் வரும், என் விரலில் காயம். கையை இழுத்துக்கொண்டேன்.

"தானா விழும். போய் விளையாடு."

"நீ எடுத்தாதான் வலிக்காது."

"போடின்னா போ!"

கத்திவிட்டேன். முகம் சுருங்கிப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் வந்து வாயைத் திறக்கவில்லை. பல்லை நாக்கால் தானே தள்ளிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அந்த முகம் தெரியாத ஆள் மேல். எங்கே இருந்தாலும் அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று மனசாரச் சபித்தேன்.

இதற்கிடையில் வீட்டுக்காரரும் மாறிப்போயிருந்தார். நான் வேலையிலிருந்து வந்தால் கை கழுவினாயா என்று கேட்பதில்லை. போனில் படங்கள் வருவதில்லை. தனக்கு ஒரு பீங்கான் தட்டு வாங்கிவந்து, தானே கழுவி, அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார். சவரக் கத்தியைக் காகிதத்தில் சுற்றி எங்கோ கொண்டுபோய் எறிந்தார். நான் நசுங்கின தட்டோடு ஒரு பக்கம், அவர் பீங்கான் தட்டோடு ஒரு பக்கம். நடுவில் பிள்ளை எங்கள் இருவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பேச்சும் இல்லை. நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். என்னிடமிருந்து ஒட்டாமல் இருக்கத்தான் தனித் தட்டு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் சந்தேகம் தீர்ந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளைக்குப் பிள்ளை உன்கிட்ட இருக்கட்டும்க்கா. காரணம் கேட்காத. நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போ."

அன்று முழுக்க லேப்பில் ஒரு குழாயையும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மேடம் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தானே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது பிள்ளையின் பை கட்டி வாசலில் வைத்திருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வாரத்துக் கோபமும் பயமும் ஒன்றாக வெளியே வந்தன.

"யாரைக் கேட்டுப் பையைக் கட்டுனீங்க?"

"பிள்ளை பத்திரமா இருக்கணும். அவ்வளவுதான்."

"அவ அம்மாகிட்ட இருக்கறதைவிட என்ன பத்திரம்?"

"அம்மா!" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "எல்லாம் நீ கொண்டுவந்ததுதானே? பூட்டி பூட்டி வெச்சேன் இந்த வீட்டை. வாளியைத் தனியா வெச்சேன், துணியைத் தனியா வெச்சேன். கடைசில நீ கொண்டுவந்து என் தலையில கட்டிட்ட."

"என்னத்தைக் கட்டினேன்?"

"எனக்கு வந்திருச்சு. ஹெபடைடிஸ் சி. போதுமா?"

"உங்களுக்கா? யார் சொன்னது?"

"டெஸ்ட் குடுத்தேன். கடையில சவரம் பண்ணும்போது கத்தி பட்டிருச்சு. பத்தலைன்னு உன் கையால துவைச்ச துணி, உன் கையால போட்ட சாப்பாடு. மனசு கேட்கல, போய்க் குடுத்தேன். ரிசல்ட் கேட்டு ஒரு கடையிலிருந்து போன் பண்ணினா, அந்தக் கவுண்டர் பொண்ணு பதறிப் போய், 'சார், உடனே வாங்க, மெயின் லேப்ல உங்களைத் தேடிக்கிட்டே இருக்காங்க'ன்னு சொல்லுது. ஒண்ணுமில்லைன்னா எதுக்குத் தேடுறாங்க? போனை வெச்சுட்டேன்."

"எந்த லேப்?"

"உன் லேப்தான். எங்க டிரைவிங் ஸ்கூல் பக்கத்துல இருக்கற கிளை."

"வாக்குக் குடுத்தீங்களே."

"அதனாலதான் வேற பேர்ல குடுத்தேன். நம்பரையும் மாத்திக் குடுத்தேன்."

"என்ன பேர்?"

கூடப் படித்தவன் ஒருவனின் பெயரைச் சொன்னார். அந்த இரண்டு வாரத்தில் என் மகளின் பெயரைவிட அதிகமாக நான் மனதுக்குள் சொல்லிக்கொண்ட பெயர் அது. நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் சபித்த பெயர். அந்த ஆள் என் எதிரில், என் வீட்டு வாசலில், நான் துவைத்துப் போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

"வேற லேப்பே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றேன்.

"வேற எவனை நம்பறது? அங்கதான் நீ இருக்க. நீ தப்புப் பண்ண மாட்ட."

அதைக் கேட்டு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்திலா, வேறு எதிலா என்று எனக்கே தெரியவில்லை. நான் கொடுக்கிற தட்டை நம்பாத மனிதர், என்னைத் தவிர வேறு யார் கையிலும் தன் ரத்தத்தைக் கொடுக்கப் பயந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் என்னைத் திட்டுகிற சாக்கில்தான் சொன்னார்.

கட்டை அவிழ்த்து விரலை நீட்டினேன். கீறல் ஆறி, இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது.

"இது கத்தி பட்டதில்ல. உங்க ரத்தம் இருந்த குழாய் உடைஞ்சு வெட்டினது. ஆள் யாருன்னு தெரியாம தேடுனது நாங்கதான். உங்களுக்கு நோய்னு யாரும் சொல்லல, டெஸ்ட்டே பண்ணல. நீங்க போன் மேல போன் அடிச்ச அன்னைக்குத்தான் நான் விரலை விட்டேன். ரெண்டு வாரமா நான் செத்துப் பிழைச்சது உங்களாலதான்."

நான் காத்திருந்தேன். ஐயோ என்பார், விரலைப் பிடித்துப் பார்ப்பார், அட்லீஸ்ட் வலித்ததா என்றாவது கேட்பார் என்று, இவ்வளவுக்குப் பிறகும், காத்திருந்தேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். சத்தம் கேட்டு எழுந்துவந்த பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கட்டை எதுக்கு அவிழ்த்த? மூடு முதல்ல."

"உங்க ரத்தம்ங்க இது. உங்க உடம்புல ஓடறது."

"இப்ப அது உன் உடம்புக்குள்ள போயிருச்சே!"

மனிதர் தன் ரத்தத்துக்கே பயந்தார், அது என்னைத் தொட்டுவிட்டது என்பதால். நான் சிரித்தேன். அவரைப் பார்த்து அப்படி நான் சிரித்ததே இல்லை. பிள்ளைகூடப் பயந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் நாத்தனார் வந்து சேர்ந்தார். நான் அவரை உட்காரவைத்து, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, "நாங்க வர்ற வரைக்கும் யாரும் எங்கயும் போகக் கூடாது" என்றேன். நான் சொன்ன தோரணையில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கிளைக்குக் கூட்டிப்போனேன்.

கவுண்டர் பெண் அவரைப் பார்த்ததும் கண்டுபிடிக்கவில்லை. ஊசியை எடுத்தபோது அவர், "அந்தப் பேக்கெட்டை என் கண்ணு முன்னாடி பிரிங்க" என்றார். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு வந்தவரும் இதையேதான்க்கா சொன்னார்."

"அவர்தான் இவர்," என்றேன். "ஊசி போட்டுப் பழகினவர் இல்ல. பயந்து பழகினவர்."

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரத்தத்தை நானே மெயின் லேப்புக்குக் கொண்டுபோனேன். மேடம் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்து, வழக்கமான எதிர்ப்பொருள் சோதனை, கிருமியை நேராகத் தேடுகிற சோதனை இரண்டையும் தானே செய்தார். நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். மத்தியானத்துக்கு மேல் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ரெண்டுலயும் சுத்தமா இல்ல. உனக்கும் கவலை இல்ல, போ." பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, லேசாகச் சிரித்தார். "உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் பக்கத்துலயே வெச்சுக்கோ."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். உடம்பில் எடையே இல்லை. எல்லாவற்றையும் மன்னித்துவிடக்கூடத் தயாராக இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? தட்டுகளைக் கலந்து வைத்துவிடலாம், இன்று பிள்ளையோடு படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன். முன்னறையில் நாத்தனார் பையோடு அதே இடத்தில் இருந்தார். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நின்றார். பிள்ளை தரையில் உட்கார்ந்து பல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றேன். "உங்களுக்கு இல்ல. எனக்கும் இல்ல."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

"இது சரியா இருக்குமா?"

"மேடமே பண்ணினாங்க."

"இல்ல, உங்க லேப்ல குழாயெல்லாம் உடையுதே. கவனமாப் பண்றாங்களோ என்னவோ. எதுக்கும் வெளிய வேற எங்கயாவது ஒருதரம் குடுத்துப் பார்த்துடறேன். நீயும் குடு. அதுவரைக்கும் நீ அந்தத் தட்டையே வெச்சுக்கோ. பிள்ளை அக்காகிட்ட இருக்கட்டும்."

நாத்தனார் தலையை ஆட்டினார். "அவன் சொல்றதும் நியாயம்தானே? பிள்ளை விஷயம். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

காலையில் வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரே நல்ல வார்த்தையையும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். எனக்குள் ஏதோ அடங்கிப்போனது. கோபம்கூட இல்லை. இந்த மனிதரின் பயத்துக்கு நான் எந்தக் காலத்திலும் போதுமான சாட்சி கொண்டுவர முடியாது என்று புரிந்தது. கொண்டுவர வேண்டியதும் இல்லை என்று புரிந்தது.

நாத்தனார் மடியிலிருந்து பையை எடுத்தேன். பிள்ளையின் துணிகளை நாற்காலியில் கொட்டினேன். உள்ளே போய் அவருடைய சட்டைகள், சவரச் சாமான், உடம்புச் சூடு பார்க்கிற மானி, ஸ்பிரிட் பாட்டில், அலமாரி மேலிருந்த பீங்கான் தட்டு எல்லாவற்றையும் எடுத்து அதில் திணித்தேன். ஜிப் மூடவில்லை. முழங்காலால் அழுத்தி மூடி, வாசலில் வைத்தேன்.

"என்ன பண்ற நீ?" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணி, கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க? வெறுங்கையோட போகாதீங்க. இவரைக் கூட்டிட்டுப் போங்க. இந்த வீட்டுல தொத்துற நோய் இருக்கறது இவருக்கு மட்டும்தான். எனக்கே ரெண்டு வாரம் இருந்துச்சு."

நாத்தனார் எழுந்து நின்றார். தம்பியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிள்ளையைக் கொண்டுபோக வந்தவருக்குத் தம்பியைக் கொண்டுபோக அவ்வளவு ஆசை இல்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன். "குட்டி, இங்க வா."

பிள்ளை தயங்கினாள். கத்தியதை அவள் மறக்கவில்லை. "திட்ட மாட்டியே?"

"மாட்டேன். அம்மா அன்னைக்குப் பயந்துட்டேன். இப்ப பயம் இல்ல. வாயைத் திற."

திறந்தாள். சோப்புப் போட்டுக் கழுவியிருந்த கையால், கட்டு இல்லாத அதே விரலால், பல்லைத் தொட்டேன். ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏய்! தொடாத! அவ ஈறுல ரத்தம் வரும்!" அவர் கத்திக்கொண்டே முன்னால் வந்தார். பாதி வந்து நின்றுவிட்டார். என்னைத் தொட்டுத்தானே தடுக்க வேண்டும்? கை நீட்டியபடியே நின்றது. பெண்டாட்டியைத் தொடவும் பயம், பிள்ளையை விடவும் பயம்.

"ஒரு ஊர்ல ஒரு கார் இருந்துச்சாம்," என்று நான் ஆரம்பித்தேன். "அதை ஓட்டவே விடாம ஒருத்தர் நாள் முழுக்கத் துடைச்சுக்கிட்டே..."

அவள் சிரித்தாள். டக்கென்று எடுத்துவிட்டேன்.

உள்ளங்கையில் பல் கிடந்தது. அரிசி அளவுகூட இல்லாத ஒரு சொட்டு ரத்தம் அதோடு வந்திருந்தது. என் மகளின் ரத்தம், என் விரலில். நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் பையும் இல்லை, அவரும் இல்லை. படியில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் மட்டும் அவசரமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா எங்க?" என்றாள் பிள்ளை, பல் போன வாயோடு.

"அத்தை வீட்டுக்கு. நீ வாயைக் கொப்பளி."

பல்லை அவள் கையில் கொடுத்தேன். நசுங்கின தட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்கினேன். பிறகு போய்க் கை கழுவினேன்.